"எப்போதாவது" என்றொரு சொல்

கனடாவின் வருகையாளர் விசா விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு. எந்த நாட்டிலாவது, எப்போதாவது, ஏதேனும் ஒரு குற்றத்தைச் செய்ததுண்டா, அதற்காகக் கைதானதுண்டா, குற்றம் சாட்டப்பட்டதுண்டா, தண்டிக்கப்பட்டதுண்டா என்று ஒரே மூச்சில் நான்கு வினைகளை அடுக்கிவிட்டு, பதில் சொல்ல ஆம், இல்லை என்ற இரண்டை மட்டுமே விட்டுவைத்திருக்கிறார்கள். 2023 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, பெங்களூரு வீட்டின் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து நான் உட்கார்ந்திருந்தேன். ஒண்டாரியோவில் முதுகலை முடிக்கவிருந்த மகள், அங்கே தன் அறையிலிருந்து திரையைப் பகிர்ந்தபடி எங்கள் இருவருக்குமான விண்ணப்பங்களை நிரப்பிக்கொண்டிருந்தாள். ஜூனில் அவளுக்குப் பட்டமளிப்பு விழா. காசநோய் இருந்ததுண்டா என்று கேட்டாள், விசா மறுக்கப்பட்டதுண்டா என்று கேட்டாள். இந்தக் கேள்வி வந்ததும் கேட்கவே இல்லை. "இதெல்லாம் நமக்கு இல்ல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே "இல்லை" என்பதை அழுத்திவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள்.

அந்த "நமக்கு" என்ற சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. இந்தக் கேள்வி வேறு யாருக்காகவோ அச்சிடப்பட்டது என்பதில் அவளுக்கு இருந்த நம்பிக்கை, நான் இருபது ஆண்டுகளாக ஊட்டி வளர்த்த நம்பிக்கை. அடுத்த பக்கத்தில் ராணுவத்திலோ காவல் துறையிலோ பணியாற்றியதுண்டா என்ற கேள்வி காத்திருந்தது. நான் திரையில் நகரும் அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஃபைன்தானே

2016 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை இரவு, எம்.ஜி. ரோட்டுப் பக்கம் நடந்த ஒரு பிரிவுபசார விருந்து முடிந்து, சி.வி. ராமன் நகரில் இருக்கும் வீட்டுக்குக் காரை நானே ஓட்டிக்கொண்டு கிளம்பினேன். டிரினிட்டி சர்க்கிள் கடந்து, ஹலசூரு கடந்து, ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் ஏறியதும் தடுப்புகள் தெரிந்தன. "ஊதி சார்" என்று ஒரு காவலர் கருவியை நீட்டினார். போதவில்லை, இன்னும் பலமாக ஊதச் சொன்னார். ஊதினேன். கருவி 62 என்று காட்டியது. அதிலிருந்து பேருந்துச் சீட்டு அகலத்தில் ஒரு தாள் வந்தது. அதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சாவியையும் ஓட்டுநர் உரிமத்தையும் எடுத்துக்கொண்டு, எனக்கொரு பிரதியைக் கொடுத்தார்கள். ஆட்டோவில் வீடு திரும்பினேன். பிரேக்கில் ஏதோ கோளாறு, வண்டியை நண்பன் வீட்டில் விட்டிருக்கிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். பிறகு பணம் செலவானதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டபோது, சிக்னல் தாண்டியதற்கான ஃபைன் என்றேன்.

நீதிமன்றத்தில் எனக்கு முன்னால் முப்பது நாற்பது பேர் நின்றிருந்தார்கள். பாதிப் பேர் கழுத்தில் அலுவலக அடையாள அட்டை தொங்கியது. வராந்தாவில் ஒரு வழக்கறிஞர், "ஒத்துக்கிட்டா இன்னைக்கே முடிஞ்சிரும் சார், இல்லன்னா அலையணும்" என்று வரிசையில் நின்ற எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனார். என் பெயரை அழைத்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கன்னடத்தில் கேட்டார்கள். "ஹௌது ஸ்வாமி" என்றேன். முதல் முறை பிடிபடுகிறவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவில் அன்று இருந்த உச்ச அபராதமான 2,000 ரூபாயைக் கட்டினேன். 2019 செப்டம்பருக்குப் பிறகு அது 10,000 ஆகிவிட்டது. அதே பிரிவில் ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு என்பதை அன்று நான் கவனிக்கவில்லை. நீதிபதியின் முன் நான் நின்றது அரை நிமிடம் கூட இருக்காது. வெளியே வந்து ஒரு மசாலா தோசை சாப்பிட்டேன் என்பது வரை நினைவிருக்கிறது. இதையெல்லாம் ஒரு அலைச்சலாகத்தான் மனம் பதிவுசெய்து வைத்திருந்தது.

நம் பேச்சுத் தமிழில் நூலகப் புத்தகத்தைத் தாமதமாகத் திருப்பினாலும் ஃபைன்தான், மின்கட்டணத் தேதி தவறினாலும் ஃபைன்தான், குற்றவியல் நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பாகிக் கட்டினாலும் ஃபைன்தான். தண்டம் என்ற பழைய சொல்லைப் பிடித்துக்கொண்டிருந்தாலாவது அதற்குப் பக்கத்திலேயே தண்டனை நிற்பது கண்ணில் பட்டிருக்கும். அதையும் நாம் வீண் செலவுக்குப் பெயராக்கிவிட்டோம். சட்டத்துக்கு இந்தக் குழப்பம் கிடையாது. குற்றத்தை ஒப்புக்கொள்வதைப் பதிவுசெய்து நீதிமன்றம் அபராதம் விதித்தால் அது தண்டனைத் தீர்ப்பு. அன்று அந்த வரிசையில் நின்ற நாற்பது பேரும் தண்டனை பெற்றவர்களாகத்தான் வெளியே வந்தோம். எங்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருந்தது என்று இப்போது யோசிக்கிறேன்.

எனக்கு ஏழாண்டுகள் தெரியாமல் இருந்ததற்குச் சில வசதியான காரணங்களும் உண்டு. 2018இல் குடும்பத்தோடு பாரிஸ் போனோம். ஷெங்கன் விசா விண்ணப்பத்தில் இப்படியொரு கேள்வியே இல்லை. 2019இல் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தபோது கேள்வி இருந்தது, ஆனால் அது அளந்து கேட்கப்பட்ட கேள்வி. 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம் பழைய தண்டனைகளில் கவலைப்படுவது, கடந்த ஐந்தாண்டுக்குள், ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்துக்காக, இரண்டாண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றவர்களைப் பற்றி மட்டுமே. இல்லை என்று எழுதினேன், அது உண்மையும்கூட. வீட்டுக்கு வந்த காவலர் காபியைக் குடித்துக்கொண்டே கேஸ் ஏதாவது நடக்கிறதா என்று கேட்டார். அதற்கும் இல்லை என்றேன், அதுவும் உண்மை, ஏனென்றால் நடந்து முடிந்துவிட்ட வழக்கு நடந்துகொண்டிருக்கும் வழக்கு ஆகாது. இப்படி ஒவ்வொரு கேள்விக்கும் உண்மையையே சொல்லிக்கொண்டு, எதையுமே சொல்லாமல் ஏழாண்டுகளைக் கடந்திருக்கிறேன். காலமும் அளவும் குறிக்காமல் "எப்போதாவது" என்று கேட்ட முதல் தாள் இந்தக் கனடாத் தாள்தான்.

பின்னாடி போம்மா

மகள் ராணுவத்தைக் கடந்து போய்விட்டிருந்தாள். என் மனம் வேகமாகக் கணக்குப் போட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. இந்த ஊர்ப் போக்குவரத்து நீதிமன்றப் பதிவேடு ஒட்டாவாவில் இருக்கும் அதிகாரிக்கு எப்படித் தெரியப்போகிறது? காவல் துறையே விசாரித்துப் பாஸ்போர்ட் கொடுத்துவிட்டதே? "இல்லை"யை அழுத்தியது நானில்லையே? இந்தக் கடைசி எண்ணம் வந்தபோதுதான் எனக்கே கூசியது, ஏனென்றால் அந்தப் பொய்யின் கீழே கையெழுத்து என்னுடையதாக இருந்தாலும், அதை நிரப்பிய விரல் அவளுடையது. அவள் அந்த நாட்டில் வேலை தேடிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் பின்னாடி போம்மா" என்றேன். பிறந்த ஊரின் எழுத்துப்பிழை என்று நினைத்து முதல் பக்கத்துக்கே போனாள். அங்கே இல்லை, அந்தக் குற்றக் கேள்வி இருக்கிற பக்கம் என்றேன். போனாள். அதற்கு ஆமாம் என்று போடச் சொன்னேன். ஒரு சிரிப்பு கேட்டது. "அப்பா, இது டிராஃபிக் டிக்கெட் பத்தி இல்லப்பா, கிரிமினல் கேஸ் பத்திக் கேக்கறாங்க." தெரியும் என்றேன். அதன் பிறகு இணைப்புத் துண்டித்துவிட்டதோ என்று சந்தேகப்படும் அளவுக்கு ஓசையில்லை. அடுப்படியில் மாவு கரைத்துக்கொண்டிருந்த மனைவி, கையைத் துண்டில் துடைத்தபடி வாசலில் வந்து நின்றாள். இருவருக்கும் ஒரே நேரத்தில் சொல்ல நேர்ந்தது ஒரு வகையில் நல்லதுதான். இரண்டு முறை சொல்லியிருந்தால் இரண்டாவது முறை கதை மெருகேறியிருக்கும். குடித்துவிட்டு ஓட்டினேன், பிடிபட்டேன், கோர்ட்டில் ஒப்புக்கொண்டேன் என்று மூன்று வாக்கியங்களில் முடித்தேன். மனைவி கேட்டது ஒன்றுதான். "சிக்னல்னு சொன்னீங்களே?" பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. உள்ளே போய்விட்டாள். மகள் வட்டத்தை மாற்றினாள். உடனே கீழே ஒரு வெற்றுப் பெட்டி திறந்துகொண்டது, விவரங்களைத் தருக என்று.

அமெரிக்க அதிபராக இருந்த ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 1976இல் மெய்ன் மாநிலத்தில் குடித்துவிட்டு ஓட்டியதற்காகக் கைதாகி, ஒப்புக்கொண்டு, 150 டாலர் அபராதம் கட்டியவர். இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து, 2000ஆம் ஆண்டுத் தேர்தலுக்குச் சில நாள்கள் முன்னால்தான் அது வெளியே வந்தது. ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டபோது, மகள்களுக்காக என்ற பொருளில் பதில் சொன்னார். அன்று செய்தித்தாளில் படித்தபோது நழுவல் என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்த இரவுக்குப் பிறகு, அது நழுவலாகவும் உண்மையாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று தெரிகிறது.

62

மறுநாள் விசா ஏஜென்டிடம் போனேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "இந்தியா போலீஸே கிளீன்னு சொல்லிட்டாங்க, நீங்களா போய் எதுக்கு சார் மாட்டிக்கறீங்க?" என்றார். பொய் சொல்லி அகப்பட்டால் ஐந்தாண்டுகளுக்கு அந்த நாட்டுக்குள் நுழையத் தடை என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. அகப்பட்ட ஆள் யாரையும் தனக்குத் தெரியாது என்பதுதான் அவருடைய வாதம். அவரை விட்டுவிட்டு, குடிவரவுச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரைப் பிடித்தேன். அவர் பேசத் தொடங்கியதும் விஷயம் நான் நினைத்தே பார்க்காத திசையில் போயிற்று.

நாட்டுக்கு நாடு அளவுகோல் வேறு. ஆஸ்திரேலியாவும் பிரிட்டனும் பன்னிரண்டு மாதச் சிறைத்தண்டனையைப் பெரிய கோடாக வைத்திருக்கின்றன. ஜப்பானில் ஓராண்டுச் சிறை என்றால் கதவு மூடும், போதைப்பொருள் என்றால் எவ்வளவு சிறிய தண்டனையானாலும் மூடும். இந்தக் கணக்குகளில் என் 2,000 ரூபாய் தூசுதான். கனடாவின் கணக்கு வேறு மாதிரி. நமக்கு இங்கே என்ன தண்டனை கிடைத்தது என்பதைவிட, அதே செயலை அங்கே செய்திருந்தால் அவர்கள் சட்டம் உச்சபட்சமாக என்ன கொடுத்திருக்கும் என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். போதையில் ஓட்டுவதற்கான உச்சத் தண்டனையை 2018 டிசம்பர் 18 முதல் ஐந்தாண்டிலிருந்து பத்தாண்டாக உயர்த்தி, அதைக் கடுங்குற்ற வரிசையில் வைத்துவிட்டார்கள். என்னுடையது அதற்கு முந்தையது. அதனால் தண்டனை முடிந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தால் தானாகவே திருந்தியவராகக் கருதப்பட வழியுண்டு, ஐந்தாண்டுகள் ஆகியிருந்தால் திருந்திவிட்டேன் என்று விண்ணப்பித்து நிரூபிக்க வழியுண்டு. நான் ஏழில் நின்றேன்.

ஆனால் அதற்கெல்லாம் தேவையே இல்லாமல் போகலாம் என்றார் வழக்கறிஞர். கருவி எவ்வளவு காட்டியது என்று கேட்டார். 62 என்றேன். அவர் முகம் மலர்ந்தது. இந்தியாவில் எல்லை நூறு மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 30 மில்லிகிராம். கனடாவின் குற்றவியல் சட்டத்தில் 80. பல மாகாணங்களில் 50ஐத் தாண்டினாலே சாலையில் உரிமத்தைச் சில நாள்களுக்குப் பிடித்து வைப்பார்கள், ஆனால் அது மாகாணத்து நிர்வாக நடவடிக்கை, குற்ற வழக்கு அல்ல. 62 என்பது இங்கே குற்றம், அங்கே அந்த அளவை வைத்துக் குற்றம் என்று எளிதில் சொல்ல முடியாது. எண்ணைக் காட்டும் சான்று இருந்தால் வாதிடலாம் என்றார். வீட்டுக்கு வந்து பழைய கோப்பைத் தேடினேன். அபராத ரசீது இருந்தது, அதோடு பின் குத்தி இணைத்திருந்த அந்தக் கருவித் தாளும் இருந்தது. வெப்பத்தில் அச்சாகும் தாள். ஏழாண்டுகளில் முழுக்க வெளுத்து, தேய்த்த கண்ணாடி போல ஆகிவிட்டிருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், கைப்பேசியில் படமெடுத்துக் கருமையைக் கூட்டிப் பார்த்தேன். என் கையெழுத்து மட்டும் நீல மையில் பளிச்சென்று இருந்தது.

நீதிமன்றத்தில் நகல் கேட்டு மனுப் போட்டேன். இத்தகைய சிறு வழக்குகளின் கட்டுகளைச் சில ஆண்டுகளில் கழித்துவிடுவார்கள். மூன்று முறை அலைந்த பிறகு பதிவேட்டிலிருந்து ஒரு வரிச் சான்று கிடைத்தது: வழக்கு எண், பிரிவு, ஒப்புக்கொண்டார், அபராதம் 2,000, செலுத்தப்பட்டது. எண் இல்லை. என்னைக் குற்றவாளி ஆக்கியது மட்டும் காகிதத்தில் நின்றுவிட்டது.

இந்த அலைச்சலின் நடுவே ஒரு நாள், எங்கள் அடுக்ககத்துக்கு வேலைக்கு வரும் மர்ஃபி டவுன் எலக்ட்ரீஷியனிடம் இதைச் சொன்னேன். அவனும் தமிழன்தான், மூன்று தலைமுறையாக இந்த ஊர்க்காரன். "அண்ணா, உங்களுக்காவது பாஸ்போர்ட் இருக்கே" என்றான். தெருச் சண்டை ஒன்றில் அவன் பெயரும் சேர்க்கப்பட்டு, குற்றப்பத்திரிகை தாக்கலாகி, வழக்கு ஆண்டுக்கணக்கில் வாய்தாவில் இருக்கிறது. கத்தாரில் வேலை கிடைத்தபோது பாஸ்போர்ட் நின்றுவிட்டது. வழக்கு நிலுவையில் இருந்தாலே மறுக்க வேண்டும் என்கிறது சட்டம். நீதிமன்றம் அனுமதித்தால் கொடுக்கலாம் என்கிறது 1993 ஆகஸ்ட் 25ஆம் தேதி அரசு அறிவிக்கை. மனுப் போட்டு அனுமதியும் வாங்கினான். உத்தரவில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஓராண்டுக்குத்தான் பாஸ்போர்ட். அவன் உத்தரவில் குறிப்பிடப்படவில்லை. ஓராண்டுப் பாஸ்போர்ட்டில் இரண்டாண்டு வேலைக்கு ஆள் எடுக்க முடியாது என்று ஏஜென்சி கைவிரித்துவிட்டது. வெளிநாடு செல்லும் உரிமை தனிமனித சுதந்திரத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் மேனகா காந்தி வழக்கில் சொன்னது 1978இல். தண்டிக்கப்பட்ட நான் பாரிஸ் போய் வந்தேன், தண்டிக்கப்படாத அவன் எங்கள் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஒப்புக்கொண்டிருந்தால் தனக்கும் அன்றே முடிந்திருக்குமோ என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நீக்கப்பட்ட பத்தி

எண் கிடைக்காத நிலையில், விளக்கக் கடிதம் ஒன்றே மிஞ்சியது. வழக்கறிஞர் ஒரு வரைவை எழுதச் சொன்னார். ஒரு பக்கத்தில் முடிக்க வேண்டிய கடிதம் மூன்று பக்கம் வந்தது, ஏனென்றால் அந்தக் கேள்வியின் முதல் வினை என்னை விடவில்லை. கைதானதுண்டா, தண்டிக்கப்பட்டதுண்டா என்பதற்கெல்லாம் முன்னால், செய்ததுண்டா என்று கேட்கிறார்கள். பிடிபட்டதைப் பற்றி மட்டும் எழுதினால் அதற்குப் பதிலாகுமா? அந்தத் தடுப்புக்குச் சற்று முன்னால், ஹலசூருவில், சைக்கிளின் பின்னால் ஃபிளாஸ்க்கைக் கட்டிக்கொண்டு இரவில் டீ விற்கும் ஒருவர் என் காரின் இடப்பக்கத்தில் திடீரென்று தெரிந்தார். அவர் திடீரென்று வரவில்லை, நான்தான் திடீரென்று பார்த்தேன். வலப்பக்கம் ஒடித்தேன். ஏதோ உரசியது. கண்ணாடியில் சைக்கிள் ஆடுவதும், ஃபிளாஸ்க் சாலையில் உருள்வதும் தெரிந்தது. இது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கருவியில் வந்த 62இலும் இது இல்லை. அந்த எண்ணைக் கொண்டு நான் அங்கே குற்றமற்றவன் என்று வாதிடலாம் என்று கேட்ட நாளிலிருந்து, அந்த ஃபிளாஸ்க்தான் உருண்டுகொண்டிருந்தது. "அவருக்கு அடி எதுவும் படவில்லை" என்று ஒரு வாக்கியத்தோடு அந்தப் பத்தியை முடித்திருந்தேன்.

வழக்கறிஞர் அந்தப் பத்தியை முழுக்க அடித்துவிட்டார். யாரும் புகார் கொடுக்காத, யாரும் விசாரிக்காத ஒன்றை நீங்களே எழுதிக் கொடுத்தால் அதற்கு அவர்கள் என்ன பிரிவைத் தேடுவார்கள் என்று தெரியாது, விசாவே வேண்டாம் என்றால் எழுதுங்கள் என்றார். தொழில் தெரிந்தவர் சொன்ன நியாயமான பேச்சு. ஒரு பக்கக் கடிதத்தைக் கையெழுத்திட்டு அனுப்பினேன். மனைவியின் விசா மே மாதம் வந்தது. என்னுடையது பரிசீலனையில் என்றே காட்டியது. ஜூனில் அவள் மட்டும் போனாள். விழாவை நான் நள்ளிரவில் மடிக்கணினியில் பார்த்தேன். மகளின் பெயரை அவர்கள் உச்சரித்த விதத்தில் அவள் மேடை ஏறிய பிறகுதான் அவள் என்று புரிந்தது.

இரண்டு நாள் கழித்து மகள் அழைத்தாள். விழாவைப் பற்றிப் பேசிவிட்டு, அந்தக் கடிதத்தைப் படித்ததாகச் சொன்னாள். வரைவை நான் அவளோடும் பகிர்ந்திருந்தேன். வழக்கறிஞர் அடித்த வரிகள் நடுவில் கோட்டோடு அப்படியே அதில் இருந்திருக்கின்றன. ஏன் அடித்தார் என்று அவள் கேட்கவில்லை.

"அவருக்கு அடி படலன்னு எழுதியிருக்கீங்களே, வண்டிய நிறுத்தி இறங்கிப் பாத்தீங்களாப்பா?" என்றாள்.

இல்லை என்றேன்.